ராவ் சாகிப் ஞானாதிக்கம் ஆஜர்

நெடுங்கரை ஜங்ஷனில் நகராட்சி அலுவலகத்துக்கு முன்னால், கோட்டும் தலைப்பாகையும் கைத்தடியுமாகக் கிழக்கே பார்த்து நிற்கிற ராவ் சாகிப் ஞானாதிக்கத்தின் வெண்கலச் சிலை முதன்முதலாக வாய் திறந்தது ஒரு புதன்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு. அப்போது அங்கே இருந்தவர்கள் நான்கு பேரும் ஒரு ஆடும். ஆட்டைத் தவிர யாரும் தலை தூக்கிப் பார்க்கவில்லை.

நான்கு பேரில் ஒருவர் தில்லைநாயகம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், நகராட்சி ஆவணக் காப்பறையில் முப்பத்தோரு வருஷம் கடைநிலை ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர், எந்தப் பதிவேடு எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் கிடக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். ராவ் சாகிபின் நூற்றிருபத்தைந்தாவது பிறந்தநாளுக்குச் சிறப்பு மலர் வெளியிடுவதென்று விழாக் கமிட்டி முடிவு செய்ததும், அதன் செயலாளரும் பழைய ட்ராயிங் மாஸ்டருமான ஜெயபாண்டியன் நேராக அவர் வீட்டுக்குத்தான் வந்தார்.

"ராவ் சாகிப் எந்தெந்தச் சங்கத்துல இருந்தாருன்னு ஒரு பட்டியல் போட்டுக் குடுங்க அண்ணாச்சி. தலைவெட்டிக் கோயிலும் துப்பாக்கிப் படையும் முக்கியம். அதுக்கு மட்டும் ரெண்டு பக்கம் ஒதுக்கியிருக்கோம்."

தலைவெட்டிக் கோயில் என்று ஊர் சொல்வது ரயில்வே காலனிக்குப் பின்னால் ஜன்னலே இல்லாமல் கட்டப்பட்ட வெள்ளைக் கட்டடத்தை. வெள்ளைக்காரத் துரைகளும் அவர்களோடு ஒட்டிக்கொண்ட நம்மூர்ப் பெரிய மனிதர்களும் சேர்ந்து நடத்திய கிழக்கு விளக்கு லாட்ஜ் என்கிற சகோதர சபை அது. உள்ளே தலையை வெட்டி ஒட்டவைக்கிறார்கள் என்று மூன்று தலைமுறை நம்பியது. வெட்டப்பட்டது ஆட்டின் தலை மட்டும்தான் என்பது சமையல்காரர்களுக்குத் தெரிந்திருந்தும் அவர்கள் சொல்லவில்லை. துப்பாக்கிப் படை என்பது ஜங்ஷன் தொண்டர் படை. ரயில்வே ஆபீசர்களும் காண்டிராக்டர்களும் சம்பளமில்லாமல் சேர்ந்து, சனிக்கிழமை மாலைகளில் காக்கிக் கோட்டு மாட்டிக் கவாத்துப் பழகிய படை. ரயில்வேக்கு நிலக்கரி காண்டிராக்ட் எடுத்து, ஊருக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்த ஞானாதிக்கம் இரண்டிலும் இருந்தார் என்பது ஊரறிந்த பெருமை.

தில்லைநாயகம் இந்த வேலைக்கு ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு. அவருடைய தாயின் தகப்பன் வேலாண்டி என்பவர் ராவ் சாகிப் வீட்டில் பங்கா விசிறியின் கயிறு இழுத்தவர். எண்பத்திரண்டு வருஷத்துக்கு முன் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்த ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை வீட்டை விட்டுப் போனவர் திரும்பவேயில்லை. யாரோ ஒருத்தியோடு கொழும்புக்குக் கப்பலேறிவிட்டார் என்று ராவ் சாகிப் வீட்டில் சொன்னார்கள், ஊரும் சொன்னது, கீழத்தெரு சற்று அதிகமாகவே சொன்னது. அப்போது ஆறு மாதக் குழந்தையாக இருந்த தில்லைநாயகத்தின் தாய் குருவம்மாளுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. கீழத்தெருக் குழாயடியிலும் கல்யாணப் பந்தியிலும் சாவு வீட்டிலும் அவளுக்கு இருந்த பெயர் ஒன்றே ஒன்று, ஓடிப்போனவன் மகள். பழைய பதிவேடுகளுக்குள் எங்கேயாவது தகப்பன் இருக்கிறாரா என்று பார்க்கும்படி அவள் மகனிடம் கேட்டு முப்பது வருஷமாகிறது. ஆனால் ராவ் சாகிப் சம்பந்தப்பட்ட அலமாரியின் சாவி கமிட்டி அமைந்த பிறகுதான் வெளியே வந்தது.

காப்பறையில் வௌவால் நாற்றம் தாங்காததால் தில்லைநாயகம் பதிவேடுகளைச் சிலையின் நிழலுக்குத் தூக்கி வந்தார். அவர் வேலை செய்யும் முறை அது: ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்து, பென்சிலால் தனித்தாளில் ஒரு புள்ளி வைப்பார். அந்தப் புதன்கிழமை தொண்டர் படையின் கவாத்துப் பட்டியலைப் பிரித்து, பன்னிரண்டு, பதின்மூன்று என்று படித்து, "பதினான்கு, ராவ் சாகிப் ஞானாதி" என்பதுவரை வந்தபோது, தலைக்கு மேலே ஒன்பதடி உயரத்திலிருந்து "ஆஜர்" என்று ஒரு குரல் கேட்டது. தில்லைநாயகம் புள்ளி வைத்துவிட்டு, "பதினைந்து" என்றார்.

ஒரே வாரத்தில் ஊர் இதை ஏற்பாடு செய்துகொண்டது. சிலை பேசும் நேரம் செவ்வாய், வெள்ளி, காலை பத்து முதல் பன்னிரண்டு வரை என்றும், ஒரு சங்கத்துக்கு ஒரு பதிவேடு மட்டுமே என்றும், பந்துமுனைப் பேனாவால் எழுதிய பெயர்கள் ஏற்கப்படமாட்டா என்றும் நகராட்சி அறிவிப்புப் பலகை வைத்தது. டீக்கடை இரண்டாக இருந்தது நான்காயிற்று. வணிகர் சங்கம் வந்தது, நெசவாளர் சங்கம் வந்தது, ஐந்து சாதிச் சங்கங்கள் வந்தன, ராவ் சாகிப் செத்து இருபது வருஷம் கழித்துப் பிறந்த இரண்டு கட்சிகளும் உறுப்பினர் புத்தகத்தோடு வந்தன. சிலை பேசாமல் நின்றபோது முதல் கட்சி அதன் தொண்டை வறண்டிருக்கிறது என்று இளநீரால் குளிப்பாட்டியது; இரண்டாவது கட்சி, இளநீர் ஊற்றியதால்தான் தொண்டை கட்டிவிட்டது என்று விசாரணைக் கமிஷன் கேட்டது. மதுவிலக்குச் சபையின் பட்டியலைப் படித்தபோது சிலை ஆஜர் சொன்னது. அடுத்தபடியாகச் சாராயக் குத்தகைதாரர் சங்கத்தின் பட்டியலைப் படித்தபோதும் அதே குரலில் ஆஜர் சொன்னது. கூட்டம் இரண்டுக்கும் கைதட்டியது.

ஐந்து வாரத்தில் படிக்கப்பட்டவை நாற்பத்து மூன்று பதிவேடுகள். முப்பத்து நான்குக்குச் சிலை வாய் திறக்கவில்லை. எட்டுக்கு ஆஜர் சொன்னது. மீதி ஒன்றான லாட்ஜ் பதிவேட்டுக்கு மட்டும் குரல் வரவில்லை. பெயரை முழுக்கச் சொல்லி முடித்துச் சற்று நேரமானபின் வெண்கலக் கைத்தடி பீடத்தில் மூன்று முறை மெதுவாகத் தட்டியது. அது சகோதர சபையின் ரகசிய மரியாதை என்று ஜெயபாண்டியன் விளக்கினார். அவருக்கு அது எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

ஆறாவது வாரம் ரயில்வே யூனியன் தலைவர் சிங்கராயர் வந்தார். அந்த ஆடிச் சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்குச் சிக்னல் கேபின் பக்கத்தில் வேலைநிறுத்தக்காரர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து, சோலையப்பன், பீர்முகம்மது என்று இரண்டு பேர் செத்தார்கள். அவர்களுக்குச் சிலைக்கு எதிரிலேயே யூனியன் ஒரு கல் நாட்டப் போகிறது. சுட்டது தொண்டர் படை, அதில் ராவ் சாகிபும் நின்றார் என்பது யூனியனின் பேச்சு. அன்று மாலை அவர் லாட்ஜில் இருந்தார் என்பது கமிட்டியின் பேச்சு.

"ரெண்டு பதிவேட்டுலயும் அன்னைத் தேதிப் பக்கத்தைப் படிச்சிருவோம் அண்ணாச்சி," என்றார் சிங்கராயர். "எதுக்குப் பதில் வருதோ அது நெசம்."

ஜெயபாண்டியன் தயங்கினார். "சிலைக்கு உடம்புக்கு முடியலைன்னு வச்சிக்கிட்டா?"

"வெண்கலத்துக்கு என்னய்யா காய்ச்சலா வரும்? படிக்கச் சொல்லும்."

அந்த வெள்ளிக்கிழமை தண்ணீர்த் தொட்டியின் மேலெல்லாம் ஆள். தில்லைநாயகம் முதலில் அந்தத் தேதியின் லாட்ஜ் பக்கத்தைப் படித்தார்: மாலை ஆறு மணி, ராவ் சாகிப் ஞானாதிக்கம். சற்றுப் பொறுத்து, மூன்று தட்டு. கமிட்டிக்காரர்கள் மாலை போட ஏணி கேட்டார்கள். பிறகு தொண்டர் படையின் பக்கத்தைப் படித்தார்: மாலை ஆறு மணி, பதினான்கு, ராவ் சாகிப் ஞானாதி. "ஆஜர்." யூனியன்காரர்கள் கோஷம் போட்டார்கள். ஒரே மனிதர் ஒரே நேரத்தில் ஒன்றரை மைல் தள்ளியுள்ள இரண்டு இடங்களில் இருந்திருக்கிறார் என்பது ஊருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் இரண்டு தரப்பும் சேர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டன. சித்தர்களால்தான் அப்படி முடியும். மலரில் இதற்கென்று தனி அத்தியாயம் சேர்ப்பதென்று அங்கேயே தீர்மானமாயிற்று. சிங்கராயர் மட்டும், "சித்தரா இருந்தாலும் சுட்டது சுட்டதுதான" என்று முணுமுணுத்துக்கொண்டு பீடி பற்றவைத்தார்.

தில்லைநாயகத்துக்கு இது சித்தர் சமாச்சாரமாகப் படவில்லை. முப்பத்தோரு வருஷம் நகராட்சித் துப்புரவுப் பணியாளர்களின் பெயர் கூப்பிடும் காலை மஸ்டரை அருகில் நின்று கேட்டவர் அவர். நெடுங்கரையில் ஒருவருக்குப் பதில் இன்னொருவர் ஆஜர் சொல்வது நடைமுறை; மேஸ்திரிக்குத் தெரியும், சுகாதார ஆய்வாளருக்குத் தெரியும், கவுன்சிலர்களே மாமன் மச்சானைக் கூட்டத்துக்கு அனுப்பிவிட்டு நிலத்தைப் பார்க்கப் போவார்கள். கேட்டுக் கேட்டு அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. சொந்தப் பெயரைக் கூப்பிடக் கேட்கிறவன் கொஞ்சம் தாமதிப்பான். நம்மைத்தானா என்று ஒரு நினைப்பு வந்து போன பிறகே பதில் வரும். அடுத்தவன் பெயருக்கு நிற்பவன் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பான். பெயர் முடியும் முன்பே ஆஜர் சொல்லிவிடுவான். கைத்தடி தாமதித்துத் தட்டுகிறது. குரலோ 'ஞானாதி' என்பதைத் தாண்டவே விடுவதில்லை. சபையில் ஆட்டுக்கறி உண்டு, அதனால் ராவ் சாகிப் தானே போயிருக்கிறார்; கவாத்து வெயிலில், மற்றச் சங்கங்கள் மர நாற்காலியில், அங்கெல்லாம் ஆள் போயிருக்கிறது. தொண்டர் படையில் வருஷத்துக்கு இருபத்துநான்கு கவாத்துக்கு வராதவருக்குப் பித்தளைப் பதக்கம் கிடையாது. ராவ் சாகிபுக்குப் பதினோரு பதக்கங்கள். ஒன்றுவிடாமல் சிலையின் மார்பிலும் வார்த்திருக்கிறார்கள்.

அவர் அன்றே அலமாரியின் கடைசித் தட்டிலிருந்து படையின் உடுப்புக் கணக்கை எடுத்து வந்து, சாப்பாட்டுக்குப் பிறகு தாயின் கட்டிலருகே உட்கார்ந்து அதையும் கவாத்துப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தார். சூடு நடந்த அன்று அழைப்பு இரண்டு முறை: புறப்படும் முன் ஒன்று, திரும்பிய பின் ஒன்று. பதினான்காம் எண்ணுக்கு முதல் அழைப்பில் கறுப்பு மையில் குறி இருந்தது. தோட்டா கொடுத்தது ஐந்து, திரும்பியது ஐந்து. இரண்டாம் அழைப்பில் மற்ற இருபத்தோரு பேருக்கும் கறுப்பு மைக் குறி. பதினான்காம் எண்ணுக்கு மட்டும் ஊதா மைக் குறி, பிறகு போட்டது. உடுப்புக் கணக்கில் மறுநாள் தேதியிட்டு ஒரு வரி: எண் 14, கோட்டு ஒன்று, துளை இரண்டு, முதுகுப்புறம், கறை, தள்ளுபடி.

ஆளைப் பற்றி எந்த வரியும் இல்லை. எப்படி இருக்கும்? செத்தது பதினான்காம் எண். பதினான்காம் எண்ணோ மறுநாள் காலை வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தது. அதனால் படையின் கணக்கில் சாவு இல்லை. காக்கி போட்டிருந்ததால் வேலைநிறுத்தக்காரர்களின் கணக்கிலும் இல்லை.

"யாருன்னு போட்டிருக்கா?" என்றாள் குருவம்மாள்.

"பேரு இல்லம்மா. ஆனா அந்த வீட்டுல அந்தக் கோட்டு அளவுக்கு ஒரே ஆளுதான் இருந்திருக்காரு. மத்தவங்க சமையக்கார அம்மாவும் குதிரைக்காரக் கிழவரும்."

"சுட்டாரா?"

"அஞ்சு தோட்டாவும் அப்படியே திரும்பியிருக்கு. சுட மனசில்லையா, சுட நேரமில்லையா, அது இதுல இல்ல."

"முதுகுலயா பட்டுச்சு?"

"ஆமா."

குருவம்மாள் வெற்றிலையை மடித்தவள் வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். "அப்ப ஓடியிருக்காரு."

"ஓடினாரோ, எதிர்ப்பக்கம் போனாரோ..."

"ஓடட்டும்யா. ஓடினாலும் பத்தடிதான ஓடியிருக்காரு? கொழும்புக்கு இல்லேல்ல?"

அவள் வெகுநேரம் அழுதாள், பிறகு முகம் கழுவினாள், செவ்வாய்க்கிழமைக்கு ஆட்டோ சொல்லிவைக்கச் சொன்னாள்.

செவ்வாய் காலை பத்து மணிக்கு அவளைச் சிலைக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அன்றைய வரிசையில் முதலாவதாக இருந்த பாத்திர வியாபாரிகள் சங்கம் வயதுக்கு மரியாதை கொடுத்து விலகி நின்றது. தில்லைநாயகம் தாத்தாவின் பெயரைக் கூப்பிடப் போவதாகச் சொன்னதும் ஜெயபாண்டியன் அறிவிப்புப் பலகையைக் காட்டினார்.

"வேலாண்டிங்கறவரு எந்தச் சங்கத்துலயும் மெம்பர் இல்லையே அண்ணாச்சி. விதிப்படி எப்படிக் கூப்பிட முடியும்?"

"எங்கப்பன் எட்டுச் சங்கத்துக்குப் போய் நின்னவருய்யா," என்றாள் குருவம்மாள். "உங்க ராவ் சாகிப் போனது ஒண்ணு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிங்கராயர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் சாக்கு போர்த்திய கல் கிடந்தது; இரண்டு பெயர் வெட்டி முடிந்து, அடுத்த ஞாயிறு திறப்பு.

"ஆத்தா, விஷயத்தை அண்ணாச்சி சொன்னாரு. எனக்கும் வருத்தந்தான். ஆனா காக்கிக் கோட்டுப் போட்டுத் துப்பாக்கியோட நின்னவரு பேரை எங்க ஆளுக பேரோட எப்படிச் சேக்க? நாளைக்கு யூனியன்ல என்னையத் தூக்கிப்புடுவான்."

"கோட்டு அவருது இல்ல. கூப்பிட்ட பேரும் அவருது இல்ல. செத்தது மட்டும் அவரு," என்றாள் அவள். "அதையாவது அவருக்குக் குடுங்க."

தில்லைநாயகம் பதிவேட்டைப் பிரித்தார். அவர் குரல் எப்போதும் சிறிய குரல்தான். கூட்டமாக இருந்தால் இன்னும் சிறுத்துப்போகும். அன்று கடைசி வரிசைவரை கேட்டது.

"முதல் அழைப்பு. பதினான்கு. வேலாண்டி."

பதில் உடனே வரவில்லை. தில்லைநாயகம் மனசுக்குள் எண்ணினார், ஏழுவரை வந்தது. அந்த ஏழு எண்ணுக்குள், எட்டுச் சங்கங்களில் பதினோரு வருஷம் அடுத்தவன் பெயர் வரும்வரை காதைத் தீட்டிக்கொண்டு நின்ற ஒரு மனிதன், கூப்பிட்டது நம்மைத்தானா, பக்கத்தில் அதே பெயரில் வேறு யாராவது நிற்கிறார்களா என்றெல்லாம் யோசித்திருக்க வேண்டும். பிறகு, ஆறு வாரமாக ஊர் கேட்டுப் பழகிய அதே குரல், பழகாத ஒரு கூச்சத்தோடு, "ஆஜர்" என்றது.

குருவம்மாள் தலையை ஆட்டினாள். "ரெண்டாவதையும் கூப்பிடுய்யா."

"இரண்டாம் அழைப்பு. பதினான்கு. வேலாண்டி."

ஏழு ஆயிற்று. இருபது ஆயிற்று. வடக்கே ஒரு சரக்கு வண்டி வந்து நாற்பத்தாறு பெட்டிகளோடு கடந்துபோயிற்று. அது போன பிறகும் கூட்டம் அசையாமல் நின்றது. தில்லைநாயகம் முந்நூறுவரை எண்ணி நிறுத்தினார். பழைய பதிவேட்டில் முப்பத்தோரு வருஷத்தில் ஒரு எழுத்துக்கூட எழுதாதவர், சட்டைப் பையிலிருந்து மைப் பேனாவை எடுத்து, ஊதாக் குறியின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'வரவில்லை' என்று எழுதி, கீழே தேதி போட்டார். மை காயும்வரை ஊதினார்.

ஜெயபாண்டியனுக்கு அப்போதுதான் நிலைமை உறைத்திருக்க வேண்டும். அவர் சிலையின் அடியில் போய் நின்று, "ராவ் சாகிப் ஞானாதிக்கம்" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. பாத்திர வியாபாரிகளின் பதிவேட்டை வாங்கி அதிலிருந்தும் கூப்பிட்டார், மதுவிலக்குச் சபையின் பெயரைச் சொல்லியும் கூப்பிட்டார், கடைசியாகத் தன் சொந்தப் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டுப் பார்த்தார். நான்கு டீக்கடைக்காரர்களும் பாலை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிங்கராயர் குருவம்மாளின் நாற்காலி பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்துப் பீடிக்கட்டின் காகிதத்தைக் கிழித்துத் தொடையில் வைத்துக்கொண்டார்.

"முன்பக்கம் நெறஞ்சு போச்சு ஆத்தா. பக்கவாட்டுலதான் வெட்டணும். பரவால்லையா?"

"எந்தப் பக்கம்னாலும் வெட்டு."

"இன்ஷியல் இல்லாமப் போட்டா யூனியன்ல ஒத்துக்கமாட்டான். ஒங்கப்பனுக்கு அப்பன் பேரு என்ன?"

"சங்கிலி."

"ச. வேலாண்டி," என்று எழுதி, சரியா என்று காட்டினார் சிங்கராயர். எழுத்துத் தெரியாத குருவம்மாள் அதை வாங்கிக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு மகனிடம் கொடுத்தாள். அவர் பார்த்து, சரிதான் என்றார்.

ஆட்டோவில் ஏற்றி உட்காரவைத்ததும் டிரைவர் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார். குருவம்மாள் அவர் தோளைத் தொட்டாள்.

"இப்படி வேண்டாம்யா. கீழத்தெரு வழியாச் சுத்திப் போ."

"அங்க ரோடு மோசம் பாட்டி. மெதுவாத்தான் போக முடியும்."

"மெதுவாவே போ," என்றாள் குருவம்மாள், தலையில் கிடந்த சேலைத் தலைப்பை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு.